கொடிக் கதை வேண்டாம், வள்ளியம்மையின் போராட்டத்தைச் சொல்லுங்கள்: பேச்சுப் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடத்துகிறவர்களுக்கும், நடுவர்களாக வந்து அமர்கிறவர்களுக்கும், பிள்ளைகளுக்கு உரை எழுதிக் கொடுக்கிற ஆசிரியர்களுக்கும்,

எங்கள் பகுதியில் நடந்த ஒரு போட்டியில், ஒன்பதாம் வகுப்பு படிக்கிற என் மகள், தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறைக்குப் போய் இளம் வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிப் பேசினாள். மதிப்பெண் தாளில் "முக்கிய நிகழ்வு விடுபட்டுள்ளது" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள். எது விடுபட்டது என்று போய்க் கேட்டோம். "கொடிக் கதை இல்லாமல் வள்ளியம்மையா?" என்றார் நடுவர்களில் ஒருவர். பரிசு போனது எனக்குப் பெரிதில்லை. அவளைவிட நன்றாகப் பேசிய பிள்ளைகள் அன்று இருந்தார்கள். ஆனால் அந்தத் தாளில் இருந்த வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இதை எல்லோர் முன்பும் எழுதுகிறேன்.

கொடிக் கதை உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்கார அதிகாரி வள்ளியம்மையைப் பார்த்து, "இந்தியா என்று ஒரு நாடா? உங்களுக்கென்று ஒரு கொடி உண்டா?" என்று கேட்கிறான். அவர் தன் மூவர்ணச் சேலையைக் கிழித்து வீசி, "இதுதான் எங்கள் கொடி" என்கிறார். பேசுகிற பிள்ளை இந்த இடத்தில் துப்பட்டாவைத் தூக்கிக் காட்டும், அரங்கம் கைதட்டும். நான் மாலையில் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு பள்ளியிலிருந்து தட்டச்சு செய்த இரண்டு பக்கத்தோடு ஒரு பிள்ளை மனப்பாடம் செய்ய வந்துவிடும். பள்ளி மாறும், அந்த இரண்டு பக்கம் மாறாது. கொடி இருக்கும். காந்தியைச் சுட வந்தவன் எதிரில் வள்ளியம்மை போய் நின்றதாக இன்னொரு கதையும் பெரும்பாலும் இருக்கும். எதற்காக அவர் சிறைக்குப் போனார் என்பது மட்டும் "ஆங்கிலேயரின் கொடுமையை எதிர்த்து" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும்.

காந்தி வள்ளியம்மையை நேரில் அறிந்தவர், சாவதற்கு முன் படுக்கையில் போய்ப் பார்த்தவர். தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில் வள்ளியம்மைக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். அதில் கொடி இல்லை, துப்பாக்கியும் இல்லை. இப்படி ஒன்று நடந்திருந்தால், அதை எழுதாமல் விடக்கூடியவரா காந்தி? இன்னொன்றையும் யோசியுங்கள். காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசையைக் காங்கிரஸ் ஏற்றது 1931-ல். பிங்கலி வெங்கய்யா தன் கொடி வடிவத்தைக் காந்தியிடம் கொடுத்ததே 1921-ல்தான். வள்ளியம்மை இறந்தது 1914 பிப்ரவரி 22. மூவர்ணச் சேலையைக் கிழித்ததாக மேடையில் சொல்லும்போது, அந்தப் பிள்ளையை அறியாமலே நாம் ஒரு பொய்யைச் சொல்ல வைக்கிறோம்.

சரி, பொய் என்றாலும் நல்ல நோக்கத்துக்குத்தானே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கதை வந்து உட்கார்கிற இடத்தில்தான் உண்மை இருக்க வேண்டும். கதை நீளும் அளவுக்கு உண்மைக்கு நேரம் இல்லாமல் போகிறது. ஐந்து நிமிடப் பேச்சில் மூன்று நிமிடம் கொடிக்கே போனால், வள்ளியம்மை எதற்காக உயிரைக் கொடுத்தாரோ அதை எப்போது சொல்வது?

என் மகள் எதைப் பேசினாள் என்று சொல்கிறேன். அவள் மூன்று பவுண்டு வரியில் தொடங்கினாள்.

1860-ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போனது. அதில் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நம் மக்களைக் கொண்டுபோனார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே காய்கறி பயிரிட்டார்கள், கூடை தூக்கி விற்றார்கள், துண்டு நிலம் வாங்கினார்கள். உழைக்க மட்டும் ஆள் வேண்டும், சொந்தக் காலில் நிற்கிற ஆள் வேண்டாம் என்று நினைத்த நேட்டால் அரசு, ஒப்பந்தம் முடிந்தவர்கள் மறுபடி ஒப்பந்தத்துக்கு வர வேண்டும், அல்லது இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு தலைவரி கட்ட வேண்டும் என்று 1895-ல் சட்டம் போட்டது. முதலில் அவர்கள் கேட்டது 25 பவுண்டு. இந்தியாவின் வைஸ்ராய் எல்ஜின் மூன்றுக்குச் சம்மதித்தார்.

மூன்று பவுண்டு என்றால் 60 ஷில்லிங். ஒப்பந்தக் கூலியின் முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், ஐந்தாம் ஆண்டில் 14. என் மகளிடம் இந்த எண்களை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினேன். "அப்படின்னா ஆறு மாசச் சம்பளமாம்மா?" என்று அவளே கேட்டாள். 1903-ல் இந்த வரியைப் பிள்ளைகள் மேலும் விரித்தார்கள்: 16 வயதைத் தாண்டிய ஆண் பிள்ளைக்கும் 13 வயதைத் தாண்டிய பெண் பிள்ளைக்கும் தனித்தனியாக மூன்று பவுண்டு. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர் என்றால் 12 பவுண்டு, அதாவது 240 ஷில்லிங். மாதம் 14 ஷில்லிங் வாங்குகிறவர் பன்னிரண்டு மாதமும் உழைத்து, ஒரு காசுகூடச் செலவழிக்காமல் மொத்தத்தையும் கொடுத்தாலும் 168தான். மீதியைக் கட்ட முடியாதவர் சிறைக்குப் போக வேண்டும், அல்லது மறுபடியும் தோட்ட முதலாளியிடம் கைநாட்டு வைக்க வேண்டும். அந்த வரியின் நோக்கமே அதுதான்.

பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தலைவரி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொரு பெண்ணும் அந்த வரிக்கு உட்பட்ட வயதில் இருப்பவள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வள்ளியம்மை அந்த வரியைக் கட்ட வேண்டியவர் அல்ல. அது நேட்டால் மாகாணத்து வரி. அவர் ட்ரான்ஸ்வாலில், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோரின் ஊரான தில்லையாடியைப் பார்த்தவர்கூட இல்லை. தன் வீட்டுக்கு வராத வரிக்காக, தான் பார்த்தே இராத கரும்புத் தோட்டத்துக் கூலிப் பெண்களுக்காக அவர் சிறைக்குப் போனார். இதைவிட்டுவிட்டுச் சேலையைக் கிழித்த கதைக்கு எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள்?

அப்புறம் இரண்டாவது காரணம். 1913 மார்ச் 14 அன்று கேப் மாகாண உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் செய்யாத திருமணங்கள் அந்த நாட்டுச் சட்டத்தின் முன் திருமணமே இல்லை என்று அதற்குப் பொருள். தாலி கட்டிப் பத்து, இருபது வருடம் குடும்பம் நடத்திய பெண்கள் ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்தார்கள். பிள்ளைகளுக்கு வாரிசு உரிமை கேள்விக்குறியானது. அதுவரை பெண்களைச் சிறைக்கு அனுப்பத் தயங்கிக்கொண்டிருந்த காந்தி, இந்தத் தீர்ப்புக்குப் பிறகு அவர்களைக் களத்துக்கு அழைத்தார். வரிக்கும் இதற்கும் சேர்த்துத்தான் 1913-ன் போராட்டம் எழுந்தது. காங்கிரஸ் தலைவர் கோகலே 1912-ல் தென்னாப்பிரிக்கா வந்தபோது வரியை நீக்குவதாக அமைச்சர்கள் வாக்குக் கொடுத்தார்கள் என்று அவர் நம்பினார். பிறகு அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அரசு கைவிரித்தது.

இனி நான் மிகவும் வருத்தப்படுகிற இடத்துக்கு வருகிறேன். கொடிக் கதையில் வள்ளியம்மை தனியாக நிற்கிறார். எதிரில் ஓர் அதிகாரி, பின்னால் யாரும் இல்லை. உண்மையில் அவரைச் சுற்றி எத்தனை பெண்கள் இருந்தார்கள் தெரியுமா?

ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்கு இந்தியர்கள் அனுமதி இல்லாமல் போவதே அங்கே குற்றம். அதனால் எல்லையைத் தாண்டுவதே போராட்ட முறையாயிற்று. நேட்டாலில் காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கஸ்தூர்பா உள்ளிட்ட 16 பேர் 1913 செப்டம்பரில் எல்லை தாண்டிக் கைதானார்கள். மறுபக்கம் ட்ரான்ஸ்வாலிலிருந்து கிளம்பியவர்கள், அங்கே காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்கள். பதினொரு பேர், ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர்கள். அவர்களில் ஆறு பேர் கைக்குழந்தையோடு போனார்கள், ஒருவர் கர்ப்பிணி. முதலில் வேண்டுமென்றே சட்டத்தை மீறியும் யாரும் அவர்களைக் கைது செய்யவில்லை. பிறகு நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசிலுக்குப் போய், நிலக்கரிச் சுரங்கத்துத் தொழிலாளர்களிடம் வரியைப் பற்றிப் பேசினார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது. அதற்குப் பிறகுதான் அரசு அவர்களைக் கைது செய்து மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது.

அந்த வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்தவர்கள் அந்தப் பெண்கள். சுரங்கத்திலிருந்து தோட்டங்களுக்கும் அது பரவியது. நியூகாசிலில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவரின் இரண்டு மூன்று அறை கொண்ட சிறிய வீடு, வந்து இறங்குகிறவர்களுக்கெல்லாம் சத்திரமாக மாறியது. நவம்பர் 6 அன்று சார்ல்ஸ்டவுனிலிருந்து காந்தியோடு எல்லையை நோக்கி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். வழியில் இரண்டு தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். நடையை அவர்கள் நிறுத்தவில்லை.

அந்தப் பதினொரு பேரின் பெயர்களைக் காந்தி தன் நூலில் வரிசையாக எழுதியிருக்கிறார். திருமதி தம்பி நாயுடு, திருமதி முருகேச பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு, திருமதி சின்னசாமி பிள்ளை என்று போகிறது. பெரும்பாலும் கணவர் பெயர்கள். மணமாகாத இரண்டு பெண்களின் பெயர்கள் மட்டும் அவர்களுடைய சொந்தப் பெயர்களாகவே பதிவாகியிருக்கின்றன, அதில் ஒருவர் மீனாட்சி. தம்பி நாயுடுவின் மனைவி பெயர் வீரம்மாள் என்று நமக்குத் தெரியும். மனைவி என்ற உரிமைக்காகச் சிறைக்குப் போன பெண்களின் சொந்தப் பெயர்களை நாம் மேடையில் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. என் மகள் வீரம்மாளின் பெயரைச் சொன்னாள். அதற்கு மதிப்பெண் இல்லை.

வள்ளியம்மை இந்த முதல் குழுவில் இல்லை. அவர்களைத் தொடர்ந்து அக்டோபரில் போன அடுத்த குழுவில் தாயோடு சேர்ந்து கிளம்பியவர். அப்போது வயது பதினைந்து. ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களிடம் வரியின் அநியாயத்தைப் பேசினார்கள். இந்தக் காலத்துச் சொல்லில் சொன்னால் அது தொழிற்சங்க வேலை. டிசம்பரில் தாய்க்கும் மகளுக்கும் மூன்று மாதக் கடுங்காவல். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் துணி துவைக்கிற வேலை, மிக மோசமான சாப்பாடு. அங்கேயிருந்த பெண்கள் எலும்பும் தோலுமாகத்தான் வெளியே வந்தார்கள். வள்ளியம்மைக்குச் சீக்கிரமே காய்ச்சல் கண்டது. முன்கூட்டியே விடுவிக்கிறோம் என்று சிறை அதிகாரிகள் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. வெளியே வந்தபோது உடம்பு மீளாத நிலையில் இருந்தது. உயரமான பெண் என்பதால் அந்த மெலிந்த உடம்பைக் காணப் பயங்கரமாக இருந்தது என்று காந்தி எழுதுகிறார். சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார். வருத்தமா, இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்றார் வள்ளியம்மை. செத்துப்போனால் என்று காந்தி கேட்டதற்கு, அதைப் பற்றிக் கவலை இல்லை, தாய்நாட்டுக்காக உயிர்விட யாருக்குத்தான் ஆசை இருக்காது என்றார். சில நாளில் இறந்தார். அன்று அவருடைய பதினாறாவது பிறந்தநாள்.

இது பதிவாகியிருக்கிற உரையாடல், கேட்டவரே எழுதியது. நாட்டுப்பற்று வேண்டுமென்றால் இதிலேயே இருக்கிறது. இதற்கு மேல் எதைச் சேர்க்க வேண்டும்?

அதே போராட்டத்தில் சிறையிலேயே இறந்த ஹர்பத் சிங்குக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். அவரும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர். 1909-ல் சிறையிலிருந்து வந்து இறந்த நாகப்பனுக்குப் பதினெட்டு. 1910-ல் இறந்த நாராயணசாமியையும் சேர்த்து, இந்தப் பெயர்கள் எதுவும் நம் போட்டித் தலைப்புகளில் வருவதில்லை. 1914-ல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது, மூன்று பவுண்டு வரி நீங்கியது, திருமணங்கள் செல்லும் என்றானது. ஜூலையில் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, ஜோகன்னஸ்பர்க்கின் ப்ராம்ஃபோன்டைன் கல்லறையில் நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் வைத்த நினைவுக் கற்களைக் காந்தி திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு தில்லையாடிக்கும் வந்தார். அங்கே 1971-ல் அரசு நினைவு மண்டபம் கட்டியது, 2008-ல் அஞ்சல் தலை வந்தது. பிள்ளைகளின் உரைகளில் இந்த மண்டபமும் அஞ்சல் தலையும் தவறாமல் வருகின்றன. வரி ஒழிந்தது என்ற செய்தி வருவதில்லை. அதாவது, அவர் ஜெயித்தார் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் டியூஷனில் கேட்டுப் பார்த்தேன், "அந்த வரி என்னாச்சு?" என்றால் ஒரு பிள்ளைக்கும் பதில் தெரியவில்லை.

"வரி, சட்டம் எல்லாம் பிள்ளைகளுக்குப் புரியாது, கதை சொன்னால்தான் மனதில் நிற்கும்" என்று அந்த நடுவர் எங்களிடம் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பல ஆண்டுகளாக எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் அது சரியில்லை. எங்கள் தெருவில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களிடம் என் மகள் இதே பேச்சைப் பேசிக் காட்டினாள். அவர்களில் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் வரி என்ற இடத்தில் ஒரு அக்கா, "அப்ப அந்தப் பொண்ண வீட்டுல வச்சிருக்க முடியாதே, வேலைக்கு அனுப்பியிருப்பாங்க" என்றார். அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டார். கூலி, கடன், கல்யாணம், பிள்ளைக்கு உரிமை, இவை நம் வீடுகளில் தினமும் பேசப்படுகிற விஷயங்கள். கூலிப் போராட்டம் என்று சொன்னால் வள்ளியம்மையின் பெருமை குறைந்துவிடும் என்ற தயக்கம் உங்களில் சிலருக்கு இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். இருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அவரே அந்தத் தயக்கம் இல்லாமல் கூலிகளோடு போய் நின்றவர்.

என் கோரிக்கைகள் தெளிவானவை. வள்ளியம்மை பற்றிய போட்டிகளில் கொடிக் கதையும் துப்பாக்கிக் கதையும் இல்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். நடுவர்களுக்குக் கொடுக்கிற மதிப்பீட்டுக் குறிப்பில் இதை எழுத்திலேயே சேர்த்துவிடுங்கள். உரை எழுதிக் கொடுக்கிற ஆசிரியர்கள், பழைய இரண்டு பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு, மூன்று பவுண்டு வரியும் சேர்ல் தீர்ப்பும் 1914-ன் சட்டமும் இருக்கிற புது உரை ஒன்றை எழுதுங்கள். உதவி வேண்டுமென்றால் என் மகள் தயாரித்த குறிப்புகளை யாருக்கும் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். பள்ளி நூலகத்தில் காந்தியின் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக நூல் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்குங்கள். வரும் பிப்ரவரி 22 அன்று அதில் பெண்களைப் பற்றிய அத்தியாயங்களைக் காலை வணக்கக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். போட்டித் தலைப்புகளில் வீரம்மாளையும் அவருடன் போன மற்றப் பெண்களையும் சேருங்கள்.

கடைசியாக, என் மகளின் போட்டியை நடத்தியவர்களுக்கு. முடிவை மாற்றச் சொல்லவில்லை. அவளுடைய மதிப்பெண் தாளில் எழுதிய "முக்கிய நிகழ்வு விடுபட்டுள்ளது" என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, ஒரு பிரதியை அவளுக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தரங்கம்பாடி வட்டத்திலிருந்து ஒரு தாய்